துரைமார்கள் துரத்தும் தீவு

நம் சங்கத்து ஆண்டிதழில் கவிதைக்கும் சிறுகதைக்கும் என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. கணினி விளையாட்டு ஒன்றைப் பற்றிக் கட்டுரை தரட்டுமா என்று நான் கேட்டபோது இதழ்க் குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "சமுதாயத்துக்குப் பயன்படுமா?" என்றார் ஒருவர். விடுதியில் இரவு இரண்டு மணிக்கு எத்தனை அறைகளில் விளக்கு எரிகிறது, அந்த அறைகளில் எத்தனை பேர் பாடப்புத்தகத்தைப் புரட்டுகிறார்கள் என்று அவருக்கும் தெரியும். நாம் இவ்வளவு நேரம் செலவழிக்கும் ஒன்றைப் பற்றித் தமிழில் நாலு வரி நிதானமாகப் பேசிப் பார்க்கலாமே என்றேன். ஒப்புக்கொண்டார்கள்.

நான் எடுத்துக்கொண்ட விளையாட்டின் பெயர் 'சர், யூ ஆர் பீயிங் ஹண்டட்'. தமிழில் சொன்னால், "ஐயா, உங்களை வேட்டையாடிக்கொண்டிருக்கிறார்கள்". அந்தத் தொனியைக் கவனியுங்கள். தேநீர் தயார் என்று சொல்லும் அதே பணிவோடு, உயிருக்கு ஆபத்து என்ற செய்தியை ஒரு பணியாள் தன் எசமானரிடம் சொல்கிறான். பணியாளின் பெயர் வால்டர்ஸ். எசமானர், விளையாடும் நாம். ஏதோ ஓர் ஆராய்ச்சி பிசகிப்போய், ஆள் அரவமற்ற தீவுக்கூட்டம் ஒன்றில் வந்து விழுகிறோம். மொத்தம் 5 தீவுகள். சிதறிக் கிடக்கும் கருவித் துண்டுகளில் 17-ஐப் பொறுக்கி, நடுத்தீவில் உள்ள பழங்காலக் கல்வட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தால் வீடு திரும்பலாம். தடையாக இருப்பவர்கள் ரோபோக்கள். டுவீட் கோட்டும் உயரத் தொப்பியும் அணிந்து, கையில் துப்பாக்கியோடு, கண்கள் செந்தணலாய் எரிய, நம்மைத் தேடி அலையும் இங்கிலாந்துக் கனவான் ரோபோக்கள்!

இதை உருவாக்கியது பிரிட்டனைச் சேர்ந்த 'பிக் ரோபாட்' என்ற மிகச் சிறிய குழு. அதன் தலைவர் ஜிம் ரொசிக்னல் முதலில் விளையாட்டுகளைப் பற்றி எழுதும் பத்திரிகையாளராக இருந்தவர். 2007-இல் 'ராக் பேப்பர் ஷாட்கன்' இணையதளத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர். விமர்சகர் ஒருவர் தாமே களத்தில் இறங்கினால் என்ன ஆகும் என்று பார்க்க எனக்கு எப்போதும் ஆசை. (நம் தமிழ்ச் சூழலில் அந்தச் சோதனை அடிக்கடி நடக்கிறது, முடிவைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.) 2012-ஆம் ஆண்டின் இறுதியில் 'கிக்ஸ்டார்ட்டர்' வழியாகப் பொதுமக்களிடம் 40,000 பவுண்டு கேட்டார்கள். இரண்டு மடங்குக்கும் மேலாகக் கிடைத்தது. 2013 ஆகஸ்டில் அரைகுறை வடிவத்தை விற்பனைக்கு விட்டார்கள்; 2014 மே மாதத்தில் முழு விளையாட்டும் வெளிவந்தது. பெரிய நிறுவனங்கள் நூற்றுக்கணக்கானோரை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் செய்யும் வேலையை விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் செய்தார்கள் என்பதை, குறைகளைப் பேசும்போதும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பதுங்கிப் பதுங்கி ஆடும் விளையாட்டுகள் புதியவை அல்ல. 1998-இல் வந்த 'தீஃப்' நிழலில் ஒளிந்து நடக்கக் கற்றுத்தந்தது. அதே ஆண்டில் வந்த 'மெட்டல் கியர் சாலிட்' அதையே திரைப்படம் போலச் செய்தது. ஆனால் அந்த விளையாட்டுகளில் காவலர்கள் எங்கே திரும்புவார்கள், எத்தனை விநாடி நிற்பார்கள் என்பதை உருவாக்கியவரே முன்கூட்டித் தீர்மானித்திருப்பார். நாலு முறை செத்தால் ஐந்தாவது முறை மனப்பாடமாகிவிடும். தேர்வுக்குப் பழைய வினாத்தாள்களைப் புரட்டுவது போலத்தான். இந்தத் தீவுகளில் அந்தப் பாச்சா பலிக்காது. ஒவ்வொரு முறை புதிதாகத் தொடங்கும்போதும் நிலப்பரப்பைக் கணினியே மறுபடி வரைகிறது. மேடு, பள்ளம், கல்சுவர், வேலி, ஊர் எல்லாமே இடம் மாறியிருக்கும். பிரிட்டிஷ் நாட்டுப்புறத்தைப் படைக்கும் பொறி என்றே அந்த நிரலுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். நேற்று நான் ஒளிந்த புதர் இன்று இல்லை. கண்ணையும் காதையும் மட்டுமே நம்ப வேண்டும்.

குறிப்பாகக் காதை. முதல் நாள் இரவு ஹெட்போன் போட்டுக்கொண்டு ஆடினேன். சாம்பல் நிற வானம், ஈரப் புல், காற்று. தூரத்தில் ஒரு புகைத்தூண் எழுகிறது. அங்கே ஒரு துண்டு கிடக்கிறது என்று அர்த்தம். நேரே நடந்தால் ஐந்து நிமிடத்தில் போய்விடலாம். ஆனால் புகையைச் சுற்றி மூன்று ரோபோக்கள் உலாத்துகின்றன. தமக்குள் ஏதோ கிணுகிணுவென்று இயந்திர மொழியில் பேசிக்கொள்கின்றன. குனிந்தால் நம் உருவம் குறைவாகத் தெரியும். புல்லுக்குள் அசையாமல் இருந்தால் இன்னும் குறைவு. நாம் எந்த அளவுக்குப் பிறர் கண்ணில் படுகிறோம் என்பதைத் திரையில் ஓர் அளவுகோல் காட்டிக்கொண்டே இருக்கும். அன்று அந்தப் புல்லுக்குள் இருபது நிமிடம் கிடந்தேன். இருபது நிமிடம், எதுவுமே செய்யாமல்! ஒரு ரோபோ என்னைத் தாண்டிப் போனது. அதன் கால்சட்டையின் கட்டங்களைக்கூட எண்ணியிருக்கலாம், அவ்வளவு பக்கம். பிறகு ஒரு காலிப் புட்டியை எதிர்ப்பக்கம் வீசினேன். சத்தம் கேட்டு மூன்றும் அந்தப் பக்கம் திரும்பின. ஓடிப்போய்த் துண்டை எடுத்தேன். திரும்பும்போது வேட்டை நாயின் குரல் கேட்டது. மவுஸைப் பிடித்திருந்த கை வியர்த்துவிட்டது.

இந்த இருபது நிமிடத்துக்காகவே இந்த விளையாட்டு எனக்குப் பிடித்துப்போனது. மற்றவற்றில் நாம் வீரர்கள். ஒற்றை ஆளாக ஒரு படையையே கொன்று குவித்துவிட்டு, மார்பில் ஒரு கீறலோடு நடந்து வருவோம். நம் ஊர்க் கதாநாயகர்களும் அப்படித்தானே? இங்கே நாம் முயல் சாதி. கையில் ஒன்றும் இல்லை. பசி வேறு. கிடைத்த பிஸ்கட்டைத் தின்ன வேண்டும். செத்த முயலை எடுத்தால் அதை வாட்ட நெருப்பு வேண்டும். நெருப்பு மூட்டினால் யாராவது பார்ப்பார்களோ என்ற பயம். பையிலும் இடம் குறைவு. துண்டுகளே பாதியை அடைத்துக்கொள்ளும். ரொட்டியை எறிவதா, காயத்துக்குக் கட்டும் துணியை எறிவதா என்று புதரில் குந்திக்கொண்டு கணக்குப் போட வேண்டியிருக்கும். பலவீனம்தான் சுவை என்பதை அறிந்து செய்திருக்கிறார்கள்.

எங்கு வேண்டுமானாலும் ஆட்டத்தைச் சேமிக்க முடியாது என்பதை என் அறைத்தோழன் பெரிய குறையாகச் சொல்வான். தீவுகளுக்கிடையே செல்லும் படகிலும் கல்வட்டத்திலும் மட்டுமே சேமிக்கலாம். முக்கால் மணி நேரம் ஊர்ந்து சேர்த்ததெல்லாம் ஒரே துப்பாக்கிக் குண்டில் போய்விடும். அவன் ஒருமுறை மேசையைக் குத்திவிட்டு எழுந்து போனான். நான் அவன் கட்சி அல்ல. நினைத்த இடத்தில் சேமிக்க முடிந்தால் அந்தப் புல்லுக்குள் யார் இருபது நிமிடம் கிடப்பார்கள்? இழப்பதற்கு ஒன்று இருந்தால்தான் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

டுவீட் கோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் விளையாட்டின் நையாண்டியே அதில்தான் இருக்கிறது. இங்கிலாந்தின் நிலவுடைமைக் குடும்பங்களுக்கு வேட்டை என்பது பொழுதுபோக்கும் அந்தஸ்தும் கலந்த சடங்கு. குதிரை மேல் கனவான்கள், முன்னால் ஓடும் நாய்க்கூட்டம், களைத்துப்போய் ஓடும் ஒற்றை நரி. நாய்களை விட்டு நரியை வேட்டையாடுவதை இங்கிலாந்திலும் வேல்சிலும் தடைசெய்யும் சட்டம் 2004-இல்தான் நிறைவேறி, 2005 பிப்ரவரியில் நடப்புக்கு வந்தது. அதை எதிர்த்து லண்டனில் பெரும் ஊர்வலங்கள் நடந்தன என்றால் அந்தப் பழக்கத்தின் வேர் எவ்வளவு ஆழம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்த விளையாட்டில் குதிரை மேல் வரும் ரோபோவும் உண்டு; நாயும் உண்டு; மேலே மிதந்துகொண்டு ஒளி பாய்ச்சித் தேடும் பலூனும் உண்டு. நரியின் இடத்தில் 'ஐயா'வை நிற்க வைத்துவிட்டார்கள். வேட்டையாடிப் பழகிய வர்க்கத்தைச் சேர்ந்த ஒருவரையே புதருக்குள் தள்ளியிருக்கிறார்கள்.

அதுவரை நான் இதை இங்கிலாந்துக்காரர்களின் உள்வீட்டு நகைச்சுவை என்றே எண்ணி ஆடிக்கொண்டிருந்தேன். பருவ விடுமுறையில் வீட்டுக்குப் போயிருந்தபோது பாட்டி என் பின்னால் வந்து உட்கார்ந்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். தொப்பியும் கோட்டுமாக ஒன்று கையைப் பின்னால் கட்டியது போல நின்றுகொண்டிருந்தது.

"யாருய்யா அது, தொரையா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாட்டி சிரிக்கவில்லை. கோலசிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, அங்கேயே பால்மரம் சீவி, அங்கேயே என் அப்பாவைப் பெற்றவர் அவர். வெள்ளைக்காரத் துரையை அவர் கதையில் படிக்கவில்லை. காலை இருட்டில் பெரட்டுக்கு நின்றபோது பார்த்தவர்.

"ஆமாம் பாட்டி, துரை மாதிரிதான். அவன் கண்ணில் படாமல் ஒளிந்து ஒளிந்து போகணும்" என்றேன்.

"கண்ணுல பட்டா?"

"சுட்டுடுவான்."

"எங்க தொரை சுட மாட்டான். பேரை வெட்டிருவான்" என்றார். அன்றைய நாள் கூலி போச்சு என்று அதற்குப் பொருள்.

பிறகு அவர் தொடர்ந்து பார்த்தார். நான் ஓர் ஊருக்குள் நுழைந்தேன். அழகான கல்வீடுகள். கதவருகே போய் மவுஸை அழுத்தினால், வீட்டுக்குள் உள்ள பொருள்களின் பட்டியல் திரையில் வரும். வேண்டியதை எடுத்துக்கொண்டு அடுத்த கதவுக்குப் போகலாம்.

"யாரு வீடு அது?"

"யாரும் இல்லை பாட்டி. காலி வீடு."

"ஊரு முழுக்கவா? கதவைத் தட்டினா தொறக்க ஒரு சனம் இல்லியா?"

"இல்லை."

"அப்ப ஒனக்கு யாரு சொல்லுவா, தொரை வாரான்னு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவர்தான் சொன்னார். தீம்பாரில் பிள்ளைத்தாச்சி ஒருத்தி அசந்துபோய் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டால், இரண்டு பக்கத்து நிரைக்காரர்களும் அவள் மரங்களையும் சேர்த்துச் சீவுவார்களாம். மேட்டுப் பக்கம் துரையின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும், முதல் நிரையில் இருப்பவர் உளியால் வாளியை இரண்டு தட்டுத் தட்டுவார். அடுத்த நிரைக்காரர் இரண்டு தட்டு. அதற்கடுத்தவர் இரண்டு. துரை வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே நடந்து வருவதற்குள், அவள் எழுந்து உளியைப் பிடித்துக்கொண்டு மரத்தோடு நின்றிருப்பாள். "ஒங்கப்பன் வயித்துல இருந்தப்ப எனக்கு எத்தினி வாட்டி தட்டியிருப்பாங்க" என்றார். அப்பா பக்கத்து அறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். இந்தக் கதையை அவரும் அன்றுதான் முதன்முறையாகக் கேட்டிருக்க வேண்டும்; தாளைப் புரட்டும் சத்தம் நின்றுபோனது.

அன்றிலிருந்து இந்த விளையாட்டின் உண்மையான ஓட்டை எது என்று எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. மற்ற விமர்சகர்கள் சொல்லும் குறைகளும் நியாயமானவையே. வீடுகளுக்குள் நுழைய முடியாது, வாசலோடு சரி. ரோபோக்களின் புத்தியும் சில நேரம் மழுங்கிவிடும். வேலியில் முட்டிக்கொண்டு நடந்துகொண்டே இருந்த ஒன்றை நான் ஐந்து நிமிடம் வேடிக்கை பார்த்திருக்கிறேன். மூன்றாவது தீவுக்கு வரும்போது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது போலிருக்கும்: புகையைப் பார், ஊர்ந்து போ, எடு, படகுக்கு ஓடு. நிலம் மாறுகிறது, வேலை மாறவில்லை. அதற்குள் துப்பாக்கியும் தோட்டாவும் நம் கையில் சேர்ந்துவிடும். விழுந்த ரோபோக்களிடமிருந்தே எடுத்துக்கொள்ளலாம். பிறகென்ன, மேட்டில் படுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சுட்டுத் தள்ளலாம். முயலாக இருந்தவன் வேட்டைக்காரனாகிவிடுகிறான். நெஞ்சு அடித்துக்கொள்வது நின்றுவிடுகிறது. உருவாக்கியவர்கள் தாங்கள் கண்டுபிடித்த நல்ல பொருளைத் தாங்களே முழுவதுமாக நம்பவில்லை என்று எனக்குத் தோன்றும் இடம் இது. துப்பாக்கியே இல்லாமல் விட்டிருக்கலாம். விற்பனை குறைந்திருக்குமோ என்னவோ.

ஆனால் இவையெல்லாம் கூடுதல் காலமும் பணமும் இருந்தால் சரிசெய்யக்கூடியவை. பாட்டி கேட்டது வேறு. துரைமார்களைக் கேலி செய்ய ஒரு விளையாட்டு. உழுத வயல் இருக்கிறது, அடுக்கிக் கட்டிய கல்சுவர் இருக்கிறது, ஊர் இருக்கிறது. உழுதவர் எங்கே? சுவர் அடுக்கியவர் எங்கே? சமைத்தவர், துணி துவைத்தவர், குதிரைக்குப் புல் போட்டவர் எங்கே? துரை இருந்தால் அவரைச் சுற்றி நூறு பேர் வேலை செய்துகொண்டிருப்பார்கள். அந்த நூறு பேருக்கும் துரையின் நடை, நேரம், கோபம் எல்லாம் அத்துப்படியாக இருக்கும். ஒளிந்து வாழும் கலையில் கைதேர்ந்தவர்கள் அவர்கள்தாம். இந்தத் தீவில் அவர்களுக்குப் பிரதிநிதியாக இருப்பது வால்டர்ஸின் குரல் ஒன்றே. தலைப்பே ஒரு வேலைக்காரனின் வாயிலிருந்து வரும் வாக்கியம். ஆனால் விளையாட்டு முழுவதும் வேலைக்காரர்களின் உலகம் இல்லை.

சிறிய குழு, மனிதர்களைப் படைக்க ஆள் இல்லை, ஆளற்ற தீவு என்றால் செலவும் மிச்சம், தனிமையும் கிடைக்கும் என்று கணக்குப் போட்டிருப்பார்கள் என்பதே என் ஊகம். அந்தத் தனிமைக்கு ஓர் அழகு உண்டு, மறுக்கவில்லை. அந்தியில் சதுப்பு நிலத்தில் நாணலுக்குள் குந்தியிருக்கும்போது உலகத்திலேயே நாம் ஒருவர்தான் என்ற உணர்வு வரும். ஆயினும் அது துரத்தப்படும் ஓர் எசமானரின் தனிமை. எசமானருக்கு நிரை கிடையாது. வாளி தட்ட ஆள் கிடையாது. அவர் தோட்டத்தில் ஒளிந்து வாழ்ந்தவர்களின் கதையை வைத்து ஒருவர் இதே விளையாட்டைச் செய்தால் எப்படி இருக்கும்? கண்ணில் படுவதை அளக்கும் அதே அளவுகோல். ஆனால் புட்டி வீசுவதற்குப் பதிலாக ஒரு சத்தம் நிரை நிரையாகக் கடந்து வரும். அது நம்மிடம் வந்து சேருமா, நடுவில் யாராவது கிராணிக்குப் பயந்து தட்டாமல் விட்டுவிடுவாரா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். நமக்குத் தட்டியவருக்கு நாளைக்கு நாம் தட்ட வேண்டும். கணினித் துறையில் படிக்கும் தம்பி தங்கைகள் இதைப் படித்தால் ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். பிக் ரோபாட் பயன்படுத்திய 'யூனிட்டி' மென்பொருளை நம் மாணவர்களும் இறுதியாண்டுத் திட்டங்களுக்குப் பயன்படுத்துகிறார்கள். தோட்டங்களில் பால் சீவிய பாட்டிகளும் தாத்தாக்களும் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். கேட்டால் சொல்வார்கள். கேட்காவிட்டால், என் பாட்டியைப் போல, ஒரு ரோபோவைப் பார்க்கும் வரை காத்திருப்பார்கள்.

பிக் ரோபாட் 2017-இல் 'தி சிக்னல் ஃப்ரம் டோல்வா' என்ற அடுத்த விளையாட்டை வெளியிட்டது. அதிலும் ரோபோக்கள், அதிலும் அகன்ற வெளி, பார்க்கப் பேரழகு. ஆனால் அதில் சுடுவதே முதல் வேலை. நான் இரண்டு நாளில் விட்டுவிட்டேன்.

பழையதை வாங்க விரும்புகிறவர்களுக்குச் சில யோசனைகள். ஸ்டீம் தளத்தில் தள்ளுபடிக் காலம் வரும்வரை பொறுத்திருங்கள். என் பழைய மடிக்கணினியிலேயே ஓடியது. விசிறி மட்டும் கொஞ்சம் கத்தியது. எந்தத் தீவு எந்த வகை நிலமாக இருக்க வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே நீங்கள் மாற்றிக்கொள்ளலாம். சதுப்பு நிலத்தைத் தவறவிடாதீர்கள். ஹெட்போன் அவசியம். கையில் துப்பாக்கி கிடைத்தால் எடுக்காமல் கடந்து போக முடியுமா என்று முயன்று பாருங்கள். நான் 11 துண்டுகள் வரை அப்படிச் சேர்த்திருக்கிறேன். பன்னிரண்டாவது, மேட்டின் மேல் ஒரு பாழடைந்த சுவருக்குப் பின்னால் புகைந்துகொண்டிருக்கிறது. இரண்டு நாய்கள் காவல் இருக்கின்றன. என்னிடம் மூன்று புட்டிகள் மிச்சம்.